நாற்பத்தோரு கார்டு, ஒரே கையெழுத்து

1. இண்டக்‌ஷன் கதை

ஷார்ஜா தொழில்பேட்டையில் மெத்தை செய்யும் கம்பெனி ஒன்றில் பதினாறு வருஷம் சேஃப்டி ஆபீசராக இருந்தேன். புதிதாக வரும் ஒவ்வொரு பேட்சுக்கும் முதல் நாள் இண்டக்‌ஷன் எடுப்பது என் வேலை. ஹெல்மெட், ஷூ, கட்டிங் மெஷின் என்று பேசினால் அரை மணியில் பாதிப் பேர் தூங்கிவிடுவார்கள். விமானத்தில் கண்ணை மூடாமல் வந்தவர்கள், அவர்களைச் சொல்லிக் குற்றமில்லை. அதனால் அவர்களை விழிக்க வைக்க ஒரு கதை வைத்திருந்தேன்.

அமெரிக்காவில் நூறு வருஷத்துக்கு முன்னால் நடந்தது. அடுக்குமாடிக் கட்டடத்தில் ஒரு தையல் ஆலை. துணியைத் திருடிக்கொண்டு போய்விடுவார்கள் என்று முதலாளிகள் ஒரு கதவைப் பூட்டியே வைத்திருந்தார்கள். அங்கே வேலை செய்த பெண்கள் முன்பே வேலைநிறுத்தம் செய்து, தெருவில் அடியும் வாங்கியிருந்தார்கள். கதவைப் பூட்டாதே என்பதும் அவர்கள் கேட்டவற்றில் ஒன்று. யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. தீப்பிடித்தது. நூற்றுக்கு மேற்பட்டவர்கள் செத்தார்கள், பெரும்பாலும் இளம்பெண்கள். அதன்பிறகு ஊரே மழையில் நனைந்துகொண்டு ஊர்வலம் போனது, சட்டம் வந்தது. "இந்த எக்ஸிட் போர்டு சும்மா வந்ததில்லை" என்று முடிப்பேன். இந்தியில் ஒருமுறை, தமிழில் ஒருமுறை.

அப்படி முடித்த ஒருநாள் கடைசி வரிசையில் ஒருவர் எழுந்தார். வேல்முருகன், பெரம்பலூர் பக்கம், முப்பத்தைந்து வயசிருக்கும். கம்பெனிக்குப் புதியவர் இல்லை, லீவு முடிந்து வந்ததால் மறுபடி உட்கார வைத்திருந்தோம்.

"சார், அமெரிக்காக்காரன் கதையெல்லாம் சரி. நம்ம பின்கதவுல சங்கிலி தொங்குதே, அது என்ன கணக்கு?"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்து, பார்க்கிறேன் என்றேன்.

பார்ப்பதற்கு ஒன்றுமில்லை, எனக்குத் தெரிந்த சங்கிலிதான். தலையணைகள் காணாமல் போகின்றன என்று போட்டது. சாவி ஸ்டோர்கீப்பரிடம். கதவுக்கு முன்னால் ஆளுயரத்துக்கு ஃபோம் அடுக்கியிருக்கும். இன்ஸ்பெக்‌ஷன் அன்று காலையில் ஃபோமை நகர்த்திச் சங்கிலியைக் கழற்றுவோம், மாலையில் திரும்ப மாட்டுவோம். செக்லிஸ்ட்டில் 'எக்ஸிட் சரி' என்ற கட்டத்தில் வருஷா வருஷம் டிக் போட்டவன் நான்தான்.

2. பெட்டியைத் திறந்த நாள்

எங்கள் கம்பெனியில் ஒவ்வொரு தொழிலாளியும் மாதம் ஒரு சேஃப்டி கார்டு எழுதிப் பெட்டியில் போட வேண்டும். கண்ணில் பட்ட ஆபத்தை ஆங்கிலத்தில் ஒரு வரி எழுதினால் போதும். தரை ஈரம், லைட் எரியவில்லை, தரை ஈரம். வெயில் காலத்திலும் தரை ஈரம்தான். முக்கால்வாசிப் பேருக்கு ஆங்கிலம் எழுத வராது. ஐடிஐ படித்த வேல்முருகன்தான் எல்லோருக்கும் உட்கார்ந்து எழுதிக் கொடுப்பார். லீவ் ஃபாரமும் அவர்தான், அதில் மட்டும் 'நிரப்பியவர்' என்ற இடத்தில் தன் பெயரையும் போட வேண்டும். அவரவர் கார்டை அவரவர்தான் எழுத வேண்டும் என்பது ரூல். நான் கண்டுகொள்ளவில்லை, எண்ணிக்கை சரியாக இருந்தால் போதும் எனக்கு.

அந்த மாதம் பெட்டியில் நாற்பத்தோரு கார்டு. எல்லாவற்றிலும் ஒரே வரி: பின்கதவு பூட்டியிருக்கிறது. ஒவ்வொரு வரிக்கும் அடியில் ஸ்கேல் வைத்த மாதிரி ஒரு கோடு. அது வேல்முருகன் பழக்கம்.

கேன்டீனில் பிடித்தேன். "என்னப்பா வேலை பண்ணி வெச்சிருக்க?"

"ஒருத்தன் எழுதுனா அவனத் தூக்கிருவாங்க சார். நாப்பது பேரு எழுதுனா யாரைத் தூக்குவாங்க? நீங்க சொன்ன கதைலயும் எல்லாரும் சேந்துதான நடந்தாங்க?"

இங்கே சங்கம் கிடையாது, ஊர்வலம் கிடையாது. இருந்தது அந்தக் கார்டு ஒன்றுதான், அதை அவர் பிடித்துக்கொண்டார். பதினாறு வருஷத்தில் எனக்கு ரோஷம் வந்தது அன்றைக்குத்தான். வழக்கமாகக் கார்டில் உள்ளதை எக்ஸெல்லில் டைப் செய்து ஹெட் ஆபீசுக்கு அனுப்புவேன். அன்று நாற்பத்தொன்றையும் அப்படியே ஸ்கேன் செய்து அனுப்பினேன். பார்த்தால் அசர வேண்டும் என்று நினைத்தேன். மூளை இருக்கிறவன் செய்கிற காரியமா அது?

3. ஃபைல்

பத்து நாளில் ஹெட் ஆபீசிலிருந்து ஆள் வந்தது. சங்கிலியை வெட்டினார்கள். ஃபோம் வேறு இடத்துக்குப் போனது. கையால் தள்ளினால் திறக்கிற புஷ் பார் வந்தது. என்னைப் பாராட்டி ஒரு மெயிலும் வந்தது. அதே மெயில், ஸ்கேன் செய்த கார்டுகளோடு, எங்கள் ஃபேக்டரி மேனேஜருக்கும் போனது.

மேனேஜர் கோயம்புத்தூர்க்காரர், சத்தம் போட்டுப் பேசி நான் கேட்டதில்லை.

"ஏனுங்க கணேசன், நாப்பத்தோரு பேரும் ஒரே மாதிரியா கோடு போடுவாங்க?"

"தெரியலைங்க சார்."

"செரி. லீவ் ஃபாரம் ஃபைல் உங்க ரூம்லதான இருக்குது? எடுத்துட்டு வாங்க."

என் மகள் அப்போது ப்ளஸ் டூ. என் விசாவும் அவர் கையெழுத்தில்தான் ஓடியது. நடந்து போய் ஃபைலை எடுத்துவந்து மேஜையில் வைத்தேன். இரண்டு பக்கம்தான் புரட்டினார். அதே கோடு, கீழே வேல்முருகன் பெயர்.

"செரி, போங்க."

வேல்முருகனிடம் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஃபோர்க்லிஃப்ட் லைசென்ஸுக்கு அனுப்பும் பட்டியலில் அவர் பெயர் இருந்தது. மூன்று வருஷம் காத்திருந்து வந்த பெயர். அடுத்த வாரம் அது இல்லை. இரண்டு மாதத்தில் காண்ட்ராக்ட் முடிந்தது, ரினியூ ஆகவில்லை. பேப்பரில் எல்லாமே முறைப்படிதான். மற்ற நாற்பது பேருக்கு ஒன்றும் ஆகவில்லை.

4. கிளியரன்ஸ்

ஊருக்குப் போகிறவர் எல்லா டிபார்ட்மென்டிலும் கிளியரன்ஸ் கையெழுத்து வாங்க வேண்டும். ஹெல்மெட்டையும் ஷூவையும் என் மேஜையில் வைத்துவிட்டு ஃபாரத்தை நீட்டினார்.

"அந்த ஃபைலை எடுத்துக் குடுத்தது நான்தான்ப்பா" என்றேன்.

"தெரியும் சார். டைம்கீப்பர் சொன்னாரு."

பேனாவைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அவமானமாக இருந்தது.

"கதவு தெறந்துதான சார் இருக்கு?"

"இருக்கு."

"அந்தப் பொண்ணுங்க செத்த பெறவுதான் அங்க தெறந்தாங்க. நான் உசுரோட ஊருக்குத்தான போறேன். போடுங்க சார், வண்டி நிக்குது."

போட்டேன்.

இந்த வேலைக்கு வருகிறவர்களுக்குச் சொல்ல என்னிடம் பெரிதாக ஒன்றுமில்லை. கார்டு வந்தால் நீங்களே டைப் செய்யுங்கள், எழுதியவர் கையெழுத்து உங்கள் மேஜையைத் தாண்டக் கூடாது. ஃபைலை எடுத்து வா என்றால் தேடிப் பார்க்கிறேன் என்று சொல்லுங்கள், பிறகு தேடாதீர்கள். எனக்கு அன்று அந்த ஒரு பொய் வாயில் வரவில்லை.

அதன்பிறகும் ஒவ்வொரு பேட்சுக்கும் அமெரிக்கக் கதையைச் சொன்னேன். முடித்ததும் எல்லோரையும் பின்கதவுக்குக் கூட்டிப்போய் ஒவ்வொருவராகத் தள்ளித் திறக்கச் சொல்வேன். இந்தக் கதவை யார் திறக்க வைத்தது என்று யாராவது கேட்டால் பெயரைச் சொல்லிவிடுவது என்று வைத்திருந்தேன். நான் ரிட்டயர் ஆகும்வரை யாரும் கேட்கவில்லை. நானாகவும் சொல்லவில்லை.