மிளகுக்கு முன்சீட்டு

சுமை வண்டி வாங்கப் போகிறவர்கள் முதலில் எதை அளக்க வேண்டும்? பின்னால் சரக்கு நிற்கிற நீளத்தையா, முன்னால் மனிதர்கள் உட்காருகிற இடத்தையா? இதற்கு இன்னும் எனக்கு விடை தெரியவில்லை. கல்லூரியில் கணக்குப் படித்தவள் நான். அளவு என்று வந்துவிட்டால் கடைசியில் ஏதோ ஒரு எண்ணாவது கையில் நிற்கும் என்று நம்பி வளர்ந்தவள். இந்த ஒரு விஷயத்தில் மட்டும் ஒரு பக்கத்தை நீட்டினால் மறுபக்கம் குட்டையாகிவிடுகிறது.

எங்கள் வீடு மலைமேல் குண்டூர் நாட்டில் இருக்கிறது. பத்துப் பதினைந்து ஊர்கள் சேர்ந்ததை இங்கே நாடு என்பார்கள். மிளகும் மரவள்ளியும்தான் பிழைப்பு. நான் பிறந்தது குண்டனி நாட்டில். மலைக்குக் கீழே விடுதியில் தங்கிப் படித்துவிட்டுத் திரும்பவும் மலைக்கே வாழ்க்கைப்பட்டு வந்தேன். கணவரிடம் ஒரு பழைய சின்ன பிக்கப் இருக்கிறது. முன்னால் ஒரே வரிசை இருக்கை, சிங்கிள் கேபின். பின்னால் எட்டடி நீளத்துக்குத் திறந்த தொட்டி. அதை இங்கே எல்லோரும் பாடி என்பார்கள். கேபினில் கணவர் ஓட்டுவார், இடது ஓரத்தில் மாமனார், நடுவில் கியர் கம்பிக்கு முழங்காலை ஒதுக்கிக்கொண்டு மகளை மடியில் வைத்தபடி நான். மகளுக்கு நாலு வயது. அவளுக்கு பெல்ட் கிடையாது, என் கைதான் பெல்ட். வண்டி சட்டென்று நின்றால் இந்தக் கை தாங்குமா என்று ஒவ்வொரு பயணத்திலும் நினைப்பேன். நினைத்து முடிப்பதற்குள் அடுத்த வளைவு வந்துவிடும்.

அந்தப் பாடியைப் பற்றிச் சொல்ல வேண்டும். இறங்கும்போது அதில் மரவள்ளிக் கிழங்கு போகும், ஏறும்போது கீழே கோழிப்பண்ணையிலிருந்து எரு வரும். இடையில் கோயிலுக்கு ஆடு, கல்யாண வீட்டுக்குப் பாத்திரம், கல்யாணத்துக்குப் போகிற பெண்களும் பிள்ளைகளும். எல்லாம் அதே தகரத்தின் மேல்தான். எரு இறக்கியதும் ஒரு வாளித் தண்ணீரை வீசி ஊற்றுவார்கள், அதற்குப் பெயர் கழுவுதல். பாடியின் தரை வரிவரியாகப் பள்ளம் விழுந்தது. அந்தப் பள்ளங்களில் எருவும் கிழங்குத் தோலும் ஆட்டுப் புழுக்கையும் ஊறிக் கூழாகிக் கிடக்கும். வெயில் ஏறினால் கண் எரியும் நாற்றம். துடைப்பமும் சோப்புத் தூளுமாக நான் இறங்கினால் மாமியார் சிரிப்பார். "ஏனுங்க அம்மிணி, வண்டிக்குப் பொட்டு வெச்சுப் பூச்சூட்டலீங்களா?" என்பார். நான் மரியாதைக்குச் சிரித்துவிட்டுத் தேய்ப்பேன். மறுநாள் மறுபடி எரு வரும்.

போன மிளகு அறுவடையின்போது, மழையே வரக்கூடாத பருவத்தில் ஒரு நாள் மழை பிடித்தது. மகளுக்குத் தடுப்பூசி போட, ஆஸ்பத்திரியும் சந்தையும் உள்ள செம்மேட்டுக்கு நாங்கள் கிளம்பிய நாள் அது. காய்ந்த மிளகு மூட்டைகளையும் அதே வண்டியில் சந்தைக்குக் கொண்டுபோவதாக ஏற்பாடு. பாதி வழி போயிருப்போம், தூறல் ஆரம்பித்தது. கணவர் வண்டியை நிறுத்தினார். மூட்டைகளின் மேல் போட்டிருந்த தார்ப்பாயில் கிழிசல் இருந்தது. அவரும் மாமனாரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். கணவர் என் பக்கம் திரும்பி, "செத்த எறங்கு புள்ள" என்றார்.

இறங்கினேன். நல்ல மிளகு மூட்டைகள் இரண்டைத் தூக்கி நான் உட்கார்ந்திருந்த இடத்தில் நிறுத்தினார். சீட்டுப் பெல்ட்டை இழுத்து அவற்றின் குறுக்கே மாட்டினார். சாய்ந்துவிடக் கூடாதாம். மடியில் இருந்த பிள்ளைக்கு இத்தனை நாளும் இல்லாத பெல்ட்!

"நாங்க எங்கீங்க உக்கார்றது?" என்றேன்.

"பின்னால ஏறிக்க. தார்ப்பாயி இருக்குதல்ல."

"பாப்பாவ மட்டுமாவது மாமா மடியில..."

"எங்காலு தாங்காது சாமி" என்றார் மாமனார், சன்னல் வழியாக. அது பொய்யில்லை, அதைப் பிறகு சொல்கிறேன். அதோடு விட்டிருக்கலாம். விடாமல், "மொளகு நனைஞ்சாப் பூசணம் பூத்துரும் கண்ணு. மனுசன் நனைஞ்சாத் தொவட்டிக்கலாம்" என்றார். கணவர் சிரித்தார். கெட்ட எண்ணத்தில் சொன்னதில்லை. மலையில் மழை பிடித்தால் மிளகுக்குக் கேபின், ஆளுக்குத் தார்ப்பாய் என்பது எல்லா வீட்டு வழக்கமும்தான். என் பிறந்த வீட்டிலும் அப்படித்தான் நடந்திருக்கும். அங்கே நான் பின்னால் உட்கார்ந்து பாட்டுப் பாடிக்கொண்டு போயிருக்கிறேன்.

அன்று பாட்டு வரவில்லை. முந்தின நாள்தான் எரு வந்திருந்தது. மிச்ச மூட்டைகளுக்கு நடுவில், மகளை நெஞ்சோடு அணைத்துத் தார்ப்பாயைத் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தேன். தார்ப்பாய்க்குள் நாற்றம் ஆவியாக நின்றது. வண்டி இறக்கத்தில் சாய்ந்தபோதெல்லாம் பள்ளங்களில் இருந்த பழுப்புத் தண்ணீர் எங்கள் பக்கம் ஓடி வந்து என் சேலையிலும் அவள் கவுனிலும் ஏறியது. அவள் வாந்தி எடுத்தாள். அதைத் துடைக்க என்னிடம் இன்னொரு கை இல்லை. அதுவும் தண்ணீரோடு சேர்ந்து முன்னும் பின்னும் போய்வந்தது.

ஊசி போடுகிற நர்ஸம்மா கீழேயிருந்து மாற்றலாகி வந்தவர். மூக்கைச் சுளித்தபடி, "எந்தக் கோழிப்பண்ணையில இருந்து வர்றீங்க?" என்று கேட்டார். வரிசையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்து வைத்தேன். வீட்டுக்கு வந்து மகளின் பின்னலைப் பிரித்தபோது வெள்ளையாக ஒன்று நெளிந்தது. புழு. நான் கத்தவில்லை. அதை எடுத்து அடுப்பில் போட்டேன், சீயக்காயும் வெந்நீருமாக அவள் தலையை அவள் அழுகிற வரைக்கும் தேய்த்தேன். அன்று சாப்பிட முடியவில்லை. மிளகு ரசம் வைத்திருந்தார்கள்.

அந்த வாரமே கணவரிடம் சொன்னேன். பழைய வண்டியைக் கொடுத்துவிட்டு வேறு வாங்கப் போகிறோம் என்ற பேச்சு வீட்டில் ஏற்கெனவே இருந்தது. "அடுத்ததுல ரெண்டு வரிசை சீட்டு இருக்கோணுங்க" என்றேன். ஆனியில் மகளைச் செம்மேட்டில் பள்ளிக்கூடத்தில் சேர்க்க வேண்டும். எங்கள் ஊருக்குப் பள்ளி வண்டி வராது, பஸ் நேரமும் ஒத்துவராது. தினமும் காலையில் சரக்கோடு சேர்ந்துதான் அவள் போயாக வேண்டும். அவளுக்கென்று கதவும் பெல்ட்டும் உள்ள ஒரு இடம். நான் கேட்டது அவ்வளவுதான்.

மாமனார் குறுக்கே வந்தார். அவர் கால் கதை இங்கேதான் வருகிறது. எனக்குக் கல்யாணமான புதிதில், மிளகு பறிக்க, கொடி படர்ந்த சில்வர் ஓக் மரத்தில் சாத்திய மூங்கில் ஏணியிலிருந்து அவர் விழுந்தார். இடுப்பெலும்பு நொறுங்கிவிட்டது. இன்றும் அந்தக் கால் பாரம் தாங்காது, தடி ஊன்றித்தான் நடக்கிறார். ஆம்புலன்சுக்குக் காத்திருக்காமல் பாயோடு தூக்கி இதே பாடியில் நீட்டிப் படுக்க வைத்து மலை இறக்கினோம். தலைமாட்டில் நான் உட்கார்ந்து இரண்டு கையாலும் அவர் தலையைப் பிடித்துக்கொண்டு போனேன். மடக்காமல் கொள்ளாமல் நேராகக் கொண்டுவந்தது நல்லது என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். அதன்பிறகு எங்கள் ஊரில் பிரசவ வலியெடுத்த பெண், பாம்பு கடித்தவர் என்று எத்தனையோ பேர் அதே தகரத்தில் படுத்துப் போய் உயிரோடு திரும்பியிருக்கிறார்கள். "பாடி நீளமில்லாட்டி நான் போட்டோல இருந்திருப்பேன் கண்ணு" என்பார். இதை என்னால் மறுக்க முடியாது. அவர் தலை என் கையில் இருந்தது.

ஆனாலும் அவர் படுத்துப் போன அதே தகரத்தில் எரு வருவதைப் பற்றி அவர் ஒரு வார்த்தையும் சொல்வதில்லை. அது எனக்கு அருவருப்பாகத்தான் இருக்கிறது. உயிரைக் காத்த இடம் என்கிறார்கள், அதைத் தேய்த்துக் கழுவ ஒரு ஆண்பிள்ளைக்கு மனம் வரவில்லை.

கீழே டவுனில் வண்டி விற்கிற இடத்துக்கு எல்லோரும் போனோம். வாசலில் பெரிய படம்: கணவன், மனைவி, இரண்டு குழந்தைகள் ஒரு பிக்கப்பில் சிரித்துக்கொண்டு போகிறார்கள், பின்னால் பூச்செடித் தொட்டிகள். எரு இல்லை. அந்தப் படத்தைப் பார்த்ததுமே எரிச்சல் வந்தது. இரண்டு வரிசை உள்ள டபுள் கேபின் வண்டியைக் காட்டினார்கள். கேபின் நீண்டதால் பாடி குறுகி ஐந்தடிதான் இருந்தது. மாமனார் தடியை என்னிடம் கொடுத்தார். கணவரின் தோளைப் பிடித்து மெல்லப் பாடியில் ஏறி, துண்டை விரித்து மல்லாந்து படுத்துவிட்டார்.

விற்கிற பையன் பதறினான். "ஐயா, இது வண்டிங்க, கட்டில் இல்லீங்க."

"எங்கூர்ல ரெண்டும் ஒண்ணுதான் சாமி" என்றார் படுத்தபடியே. அவர் பாதங்கள் வெளியே நீட்டிக்கொண்டிருந்தன. "கதவச் சாத்துனா எங்காலு எங்க போகும்?"

"கதவத் தெறந்து வச்சுக்கலாங்க."

"பொணமாப் போறப்பத் தெறந்து வெச்சுக்கலாம்."

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். பிறகு அவர் பக்கத்தில் நின்ற சிங்கிள் கேபின் வண்டியின் ஒன்பதடிப் பாடியில் ஏறிப் படுத்துப் பார்த்து, கைகளை விரித்து, மருமகளும் பக்கத்தில் உட்காரலாம் என்றார். என்னை எங்கே உட்கார வைப்பது என்பதில் அவருக்குச் சந்தேகமே இல்லை.

நான் மகளை டபுள் கேபினின் பின்சீட்டில் உட்கார வைத்தேன். பெல்ட் போட்டேன். அது அவள் கழுத்தில் உரசியது. முதுகுப்பலகை சுவர்போல நேராக நின்றது. "அம்மா, இங்க கோழி நாத்தம் இல்ல" என்றாள். ஓட்டிப் பார்க்க அடிவாரம் தாண்டி மலைப்பாதையில் கொஞ்ச தூரம் போனோம். பின்சீட்டுச் சன்னல் பாதிதான் இறங்கியது. புது பிளாஸ்டிக் வாடை, அதன்மேல் மல்லிகைப்பூ சென்ட் வேறு. இரண்டாவது வளைவில் அவள் சீட்டின் மேலேயே வாந்தி எடுத்துவிட்டாள். "பரவால்லீங்க, கவர் போட்டிருக்கு" என்று பையன் சிரித்த முகத்தோடு சொன்னான். நான் ஆசைப்பட்ட இடத்திலும் குமட்டல்தான்.

திரும்பி வந்ததும் அந்தப் பையன் மூன்றாவதாக ஒரு வழி சொன்னான். சிங்கிள் கேபினை வாங்கிப் பாடி கட்டுகிற பட்டறையில் விட்டால், கேபினுக்குப் பின்னால் இரண்டடியைத் தடுத்து, கம்பி வலை அடித்து, மடக்குப் பலகை வைத்துத் தருவார்களாம். பாடியும் ஏழடி மிஞ்சும். கணவருக்கு முகம் மலர்ந்துவிட்டது. அப்படிக் கட்டிய வண்டி ஒன்று வெளியே நின்றது, போய்ப் பார்த்தேன். கோழி ஏற்றுகிற வண்டியின் கூண்டு போலவே இருந்தது. பலகையில் பெல்ட் மாட்ட ஆணி கூட இல்லை. பலகையின் அடியில் ஜாக்கியும் கிரீஸ் துணியும் யாரோ துப்பிய பாக்கும் கிடந்தன. என் பிள்ளையைக் கூண்டில் போட்டா பள்ளிக்கூடம் அனுப்புவது?

வீட்டுக்கு வரும் வழியில் கணவரிடம் அதைச் சொன்னேன். வழக்கம்போல நடுவில் உட்கார்ந்து, மகளை மடியில் வைத்துக்கொண்டுதான் சொன்னேன். மாமனார் ஓரத்தில் தூங்கிக்கொண்டிருந்தார், அல்லது தூங்குகிற மாதிரி இருந்தார்.

"செரி, நீ படிச்சவ, நீயே சொல்லு" என்றார் கணவர். "எது சொல்றியோ அதத்தான் எடுக்கறன். அப்பறம் ஆருக்காவது ஒண்ணுன்னா என்னயக் குத்தஞ் சொல்லக்கூடாது."

இத்தனை வருடத்தில் வீட்டில் எதையும் என்னிடம் விட்டவர்கள் இல்லை. இதை மட்டும் விட்டுவிட்டார்கள். பழி வரக்கூடிய இடத்தில் மட்டும் என் படிப்பு நினைவுக்கு வருகிறது என்பது கசப்பாக இருக்கிறது. அவர் பெருந்தன்மையாகத்தான் சொன்னாரோ என்றும் தோன்றுகிறது. ஒன்பதடியைச் சொன்னால் என் மகள் தினமும் மடியிலும், மழைக்குத் தார்ப்பாய்க்குள்ளும். டபுள் கேபினைச் சொல்லி, நாளைக்கே ஊரில் ஒருவர் மரத்திலிருந்து விழுந்து, அவரை மடக்கிப் படுக்க வைக்க வேண்டி வந்தால், அந்தக் காலை மடக்கியது நான்தான் என்பார்கள். நானும் அப்படித்தான் நினைப்பேன்.

பள்ளிக்கூடம் திறப்பதற்குள் சொல்லியாக வேண்டும். ஆகவே இதைப் படிக்கிறவர்களிடம் கேட்கிறேன். சின்ன பிக்கப்பில் இரண்டாம் வரிசை வைத்து மலைப்பாதையில் தினமும் குழந்தையை அழைத்துப் போகிறவர்கள் உங்களில் யாராவது இருந்தால் எழுதுங்கள். அந்த நேர் முதுகுச் சீட்டு பிள்ளைகளுக்குப் பழகிவிடுமா? பெல்ட் கழுத்தில் உரசாமல் இருக்க என்ன செய்தீர்கள்? குறுகிய பாடியில் நோயாளியை நீட்டிப் படுக்க வைத்துக் கொண்டுபோக நேர்ந்தவர்கள், எப்படிச் செய்தீர்கள் என்று மறைக்காமல் சொல்லுங்கள். முடியாது என்றால் முடியாது என்றே எழுதுங்கள். எருவையும் மனிதர்களையும் ஒரே பாடியில் ஏற்றாமல் இருக்க உங்கள் வீட்டு ஆண்களை எப்படிச் சம்மதிக்க வைத்தீர்கள் என்பதையும் தெரிந்தவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.