வீல் தட்டுகிறவரும் என் முப்பது சொற்களும்

1. லைன் நின்ற காலை

தொண்ணூறுகளின் நடுவில் பெங்களூரில் ஒரு பெரிய பொதுத்துறைத் தொழிற்சாலையில் கவுன்சிலராக இருந்தேன். மெடிக்கல் சென்டரில் கட்டுப் போடும் அறைக்கு அடுத்தது என் அறை. எப்போதும் டிஞ்சர் வாசனை. வருகிறவர்களில் பாதிப் பேர் தலைவலி மாத்திரை கேட்பார்கள். மீதிப் பேர் குடியை விடச் சொல்லி மனைவி அனுப்பிவைத்தவர்கள். மனதைப் பற்றிப் பேசத்தான் இந்த அறை என்று சொன்னால், மரியாதைக்குத் தலையாட்டிவிட்டு எழுந்து போய்விடுவார்கள்.

ஒருநாள் காலை ஷிஃப்ட் தொடங்கி ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. கிரைண்டிங் ஷாப் ஃபோர்மன் கௌடா வேர்க்க விறுவிறுக்க வந்து நின்றார். கன்னடக்காரர், எங்களோடு தமிழில்தான் பேசுவார்; 'கொஞ்சம்' மட்டும் 'சொல்ப' என்றே வரும்.

"மேடம், சொல்ப வந்து பாருங்க. நம்ம முனிரத்தினம் ஒரே வீலைத் தட்டிட்டே இருக்காரு. நாப்பது தடவ ஆச்சு. லைன் நிக்குது."

இரும்பைத் தேய்க்கும் சாணைச் சக்கரத்தைத்தான் ஷாப்பில் வீல் என்பார்கள். மெஷினில் மாட்டுமுன் ஒவ்வொரு வீலையும் ஒரு மரக்கட்டையால் நாலு இடத்தில் தட்டிப் பார்க்க வேண்டும். கிண்ணென்று ஒலித்தால் நல்ல வீல். மொத்தென்று கேட்டால் உள்ளே விரிசல். அதற்கு ரிங் டெஸ்ட் என்று பெயர். இன்ஸ்பெக்டர் முனிரத்தினம் இருபது வருடமாக அதைச் செய்து வந்தார்.

நான் போனபோது அவர் தட்டினார். கிண்ணென்றுதான் கேட்டது, எனக்கே கேட்டது. குனிந்து கேட்டுவிட்டு, பாஸ் என்று முத்திரை குத்தும் ஸ்டாம்பை எடுத்தார். கை பாதியில் நின்றது. மறுபடி கட்டையை எடுத்தார்.

நாலு மாதம் முன்பு ஓடிக்கொண்டிருந்த ஒரு வீல் உடைந்து, மெஷின் ஓட்டிய லோகநாதனின் இடது கண் போயிருந்தது. அந்த வீல் வந்த லாட்டை, அதாவது அன்று வந்த மொத்தத்தையும், பாஸ் செய்தவர் முனிரத்தினம். ரிஜிஸ்டரில் ஒவ்வொரு வீலுக்கும் எதிரே அவர் இனிஷியல் இருந்தது. என்கொயரியில் காரணம் நிச்சயமாகத் தெரியவில்லை என்று முடித்துவிட்டார்கள். இருவரும் ஜீவனஹள்ளியில் இரண்டு தெரு தள்ளிக் குடியிருப்பவர்கள், பல வருடம் ஒரே ஸ்டாப்பில் கம்பெனி பஸ் ஏறியவர்கள். அதன்பிறகு முனிரத்தினம் லோகநாதன் தெரு வழியாகப் போவதையே விட்டுவிட்டு, சுற்றிப்போய் அடுத்த ஸ்டாப்பில் ஏறினார்.

மேனேஜர் எனக்கு இரண்டு மாதம் கொடுத்தார். ஃபிட் அல்லது அன்ஃபிட் என்று ரிப்போர்ட் வேண்டும். அன்ஃபிட் என்றால் ஸ்டாம்பைப் பிடுங்கிக்கொண்டு ஸ்டோருக்கு அனுப்பிவிடுவார்கள். என் எதிரே உட்கார்ந்திருந்தபோது முனிரத்தினம் நிமிடத்துக்கு ஒருமுறை சட்டைப்பையைத் தொட்டு ஸ்டாம்ப் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டார்.

2. முப்பது சொற்கள்

டாக்டர் கொடுத்த மாத்திரை அவரைத் தூங்க வைத்தது, தட்டுவதை நிறுத்தவில்லை. என்னிடம் கேட்டதற்கெல்லாம் ஒரே பதில்தான். "நல்லா இருக்கேன் மேடம்."

நான் படித்ததெல்லாம் ஆங்கிலத்தில். உணர்ச்சிக்குப் பெயர் வைத்துவிட்டால் பாதி பாரம் இறங்கிவிடும் என்று எங்களுக்குச் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். ஆகவே மல்லேஸ்வரத்தில் என் வீட்டு மேஜையில் அகராதியை வைத்துக்கொண்டு இரண்டு நாள் உட்கார்ந்து முப்பது சொற்களைத் தமிழில் எழுதினேன். பதற்றம், எரிச்சல், ஏக்கம், வெறுமை, குற்ற உணர்வு, பெருமிதம், தன்னிரக்கம், இப்படி. சில சொற்களை என் வாழ்நாளில் யாரும் வாயால் சொல்லி நான் கேட்டதில்லை. அது அப்போது உறைக்கவில்லை. தினமும் அன்றைக்குப் பொருந்தும் சொல்லைத் தேர்ந்தெடுத்து இரண்டு வரி எழுதுங்கள் என்று லிஸ்டையும் ஒரு நோட்டையும் முனிரத்தினத்திடம் கொடுத்தேன்.

அவர் ஒருநாள்கூடத் தவறவில்லை. முத்து முத்தான கையெழுத்து. ஒருநாள் பதற்றம், மறுநாள் எரிச்சல், அதற்கு அடுத்த நாள் ஏக்கம். மனிதர் மனம் திறந்துவிட்டார் என்று எனக்குத் தலைகால் புரியவில்லை. நல்ல முன்னேற்றம் என்று ஃபைலில் எழுதினேன். ஒவ்வொரு சந்திப்பின் முடிவிலும் "இது உங்க தப்பு இல்லை" என்று சொல்லி அனுப்பினேன். அவர் தலையாட்டுவார்.

முப்பதாவது நாள் லிஸ்டைத் திருப்பிக் கொண்டுவந்தார். முப்பது சொல்லுக்கும் எதிரே டிக். அடியில் இனிஷியல்.

"முடிஞ்சது மேடம். எல்லாம் செக் பண்ணிட்டேன். அடுத்த ஷீட் இருக்குதா?"

நோட்டைப் புரட்டினேன். லிஸ்டில் இருந்த வரிசை பிசகாமல் நாளுக்கு ஒன்று. பதினாலாம் நாள் குற்ற உணர்வு. பதினைந்தாம் நாள், 'இன்று பெருமிதம். பஸ்ஸில் ஜன்னல் சீட் கிடைத்தது.' செக்லிஸ்ட் என்று ஒன்றைக் கையில் கொடுத்தால் மேலிருந்து கீழே முடிக்க வேண்டும் என்பது அவருடைய இருபது வருடப் பழக்கம். ஒரு மாதமாக அதைப் படித்துப் பூரித்துப் போயிருந்தவள் நான். முதலில் அவர்மேல் கோபம் வந்தது. ஐந்து நிமிடத்தில் அது என்மேல் திரும்பியது.

இதில் எதுதான் நிஜம் என்று கொஞ்சம் கடுமையாகவே கேட்டேன். அவர் தரையைப் பார்த்தபடி சொன்னார்.

"நீங்க குடுத்த வார்த்தை எல்லாம் சரிதான் மேடம். எனக்கு இருக்கறது அதுல இல்ல. அதை எழுதறதுக்கு ஷீட்ல கட்டம் இல்லியே."

நோட்டை மூடி வைத்தேன். பிறகு, வேறு எதுவும் தோன்றாததால்தான், உங்கள் ஷாப்பில் ஷீட்டில் இடமில்லாத ஒன்று வந்தால் என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். முதல்முறையாக நிமிர்ந்து உட்கார்ந்தார். அதற்கு டீவியேஷன் நோட் என்று தனியாக ஒரு ஃபாரம் உண்டாம். ஒரு பார்ட் அளவில் இல்லை, ரீவொர்க் செய்து சரிப்படுத்தவும் முடியாது, தூக்கி எறியவும் மனமில்லை என்றால், கண்டது என்ன, இருக்க வேண்டியது என்ன, வித்தியாசம் என்ன என்று மறைக்காமல் எழுதி அனுப்புவார்கள். அதை உபயோகிக்கப் போகிறவர் படித்துப் பார்த்து ஒப்புக்கொண்டால், இருக்கிறபடியே உபயோகிக்கலாம். ஒப்புக்கொள்ளாவிட்டால் ரிஜெக்ட்.

அதில் ஒன்றை எழுதிக்கொண்டு வாருங்கள் என்றேன். அந்த ஒரு மாதத்தில் நான் உருப்படியாகச் செய்தது அது ஒன்றுதான்.

3. கண்டதும் இருக்க வேண்டியதும்

நாலு நாள் ஆள் வரவில்லை. ஐந்தாம் நாள் மதியம், கேன்டீன் மணி அடித்தபிறகு, ரோஸ் நிற ஃபாரம் ஒன்றைக் கொண்டுவந்து மேஜையில் வைத்தார். தமிழில் எழுதியிருந்தார்.

'கண்டது: அன்று வந்தது பன்னிரண்டு வீல். தட்டிக்கொண்டிருக்கும்போது டெலிஃபோன் வந்தது. போய்ப் பேசிவிட்டு வந்தேன். போனுக்கு முன்னால் தட்டியது ஞாபகம் இருக்கிறது. பின்னால் தட்டியதும் ஞாபகம் இருக்கிறது. நடுவில் ஒன்று விட்டுப்போனதா என்பது ஞாபகம் இல்லை. பன்னிரண்டுக்கும் இனிஷியல் போட்டேன். என்கொயரியில் எல்லாம் தட்டினேன் என்று சொன்னேன்.

இருக்க வேண்டியது: தெரிந்திருக்க வேண்டும்.

வித்தியாசம்: தெரியவில்லை. இப்போது எத்தனை தட்டினாலும் அந்த ஒன்று திரும்ப வரவில்லை.'

இது உங்கள் தப்பு இல்லை என்ற வாக்கியம் பழக்கதோஷத்தில் என் நாக்கு நுனி வரை வந்துவிட்டது. நல்லவேளை, விழுங்கிவிட்டேன். எனக்கு என்ன தெரியும், அது அவர் தப்பா இல்லையா என்று? அவருக்கே தெரியவில்லை, அதுதான் அவருடைய நோவு. குற்ற உணர்வு என்று நான் எழுதிக்கொடுத்தது குற்றம் செய்தோம் என்று தெரிந்தவனுக்கான சொல். தெரியாமல் நடுவில் நிற்கிறவனுக்கு என் முப்பதில் ஒன்றுகூட இல்லை. எனக்குக் கண் கலங்கிவிட்டது. கவுன்சிலர் அழக்கூடாது என்பார்கள். நான் அழுதேன். அவர் ஃபேனைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஃபாரத்தின் அடியில் ஒப்புதல் கையெழுத்துக்கு இடம் காலியாக இருந்தது. எனக்குத்தான் விட்டுவைத்திருக்கிறார் என்று நினைத்துப் பேனாவைத் திறந்தேன். அவர் காகிதத்தை மெல்லத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

"நீங்க இல்ல மேடம். யூசர் சைடு போடணும்."

"யாரு?"

"வீலை ஓட்டினவன்தான்."

பயந்துபோனேன். இதை வெளியே காட்டினால் வேலைக்கே ஆபத்து, லோகநாதன் அதை உங்கள் முகத்தில் விட்டெறிந்தாலும் எறிவார், யோசித்துச் செய்யுங்கள் என்று நானே அவரைத் தடுக்கப் பார்த்தேன். அவர் ஃபாரத்தை நாலாக மடித்து ஸ்டாம்புக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டார்.

"ரிஜெக்ட் பண்ணாலும் பரவால்ல மேடம். அது அவன் போடற கையெழுத்து."

4. யூசர் சைடு

ஞாயிற்றுக்கிழமை லோகநாதன் வீட்டுக்குப் போயிருக்கிறார். நான் அங்கே இல்லை, பிற்பாடு இருவரும் தனித்தனியே சொன்னதைச் சேர்த்துத்தான் எழுதுகிறேன். நின்றபடியே படித்துக் காட்டினாராம். இன்னொரு தரம் படி என்றாராம் லோகநாதன். படித்தார். லோகநாதனின் மனைவி கொண்டுவந்து வைத்த காபி ஆறிப்போனது.

கடைசியில் லோகநாதன் சொன்னது இது. "வந்தவங்க எல்லாருமே தெரிஞ்ச மாதிரி பேசினாங்க. உன் தப்புன்னாங்க, அவன் தப்புன்னாங்க, தலையெழுத்துன்னாங்க. தெரியலன்னு ஒருத்தனும் சொல்லல. அதைச் சொல்றதுக்கு இத்தினி மாசமாடா உனக்கு?"

கையெழுத்துப் போடவில்லை. ஃபாரத்தை வாங்கி வைத்துக்கொண்டு அனுப்பிவிட்டார்.

மறுநாள் முனிரத்தினம் கார்பன் பிரதியை ஃபோர்மனிடம் கொடுத்தார். கௌடா தலையில் கைவைத்துக்கொண்டார். என்கொயரியில் மறைத்ததற்கு வார்னிங் மெமோ வந்தது. ஸ்டாம்பையும் வாங்கி வைத்துக்கொண்டார்கள். அந்த நாட்களில் அவர் என் அறையில் வந்து சும்மா உட்கார்ந்துவிட்டுப் போவார். நான் எந்தச் சொல்லும் கொடுக்கவில்லை. பேனாவை மூடியே வைத்திருந்தேன்.

பத்து நாள் கழித்து லோகநாதன் லைட் டியூட்டியில் சேர்ந்தார். அன்று முனிரத்தினம் பழைய ஸ்டாப்புக்கே போயிருந்தார். பஸ்ஸில் லோகநாதனிடமிருந்து ஃபாரம் அவர் கைக்கு வந்தது. நேராக என்னிடம் கொண்டுவந்தார். ஒப்புதல் பகுதியில், ஒற்றைக் கண்ணால் எழுதிய எழுத்து வரிக்கோட்டுக்குக் கீழே இறங்கியிருந்தது.

'அளவில் இல்லை. இருக்கிறபடியே உபயோகிக்கலாம். நிபந்தனை: இனிமேல் தட்டின வீலில் அப்போதே சாக்பீஸ் மார்க் போடவும்.'

கீழே லோகநாதனின் கையெழுத்து.

அதை நாங்கள் இருவரும் எத்தனை தரம் படித்தோம் என்று எண்ணவில்லை. மேனேஜருக்கு ஃபிட் என்று எழுதினேன். மெமோ அப்படியே இருக்க, ஸ்டாம்ப் திரும்பி வந்தது. தட்டுவது அன்றோடு நின்றது என்று சொன்னால் பொய். சில நாள் இரண்டாம் முறையும் கை போகும், குறைந்துகொண்டே வந்தது. முனிரத்தினமும் லோகநாதனும் இப்போது ஓய்வு பெற்றுவிட்டார்கள். அவர்கள் சம்மதித்ததால்தான் பெயர்களை மாற்றி இதை எழுதுகிறேன்.

இந்த வேலைக்கு வரும் இளைஞர்களுக்கு என் முப்பது சொற்களை இன்னும் காட்டுகிறேன், இப்படிச் செய்யாதீர்கள் என்று. எதிரே இருப்பவரிடம் என்ன உணர்கிறீர்கள் என்று கேட்பதற்கு முன்னால், உங்கள் வேலையில் இதை எப்படி எழுதுவீர்கள் என்று கேளுங்கள். அவர் எழுதியதும் அவசரப்பட்டுக் கையெழுத்துப் போடாதீர்கள். அதில் போட வேண்டியவர் வேறு யாராவது இருப்பார்.

ஸ்டாம்ப் திரும்பிய வாரம் ஷாப்புக்குப் போய் ஒரு தூண் ஓரமாக நின்று பார்த்தேன். முனிரத்தினம் ஒரு வீலை நாலு இடத்தில் தட்டினார். கிண்ணென்றது. சாக்பீஸால் ஒரு கோடு போட்டார். கை கொஞ்ச நேரம் அந்தக் கோட்டின் மேலேயே இருந்தது. பிறகு அடுத்த வீலுக்குப் போனார்.