வாசல்படி அடீனியம்

என் வீட்டுக்காரர் வளைகுடா வேலையை முடித்துக்கொண்டு ஊர் திரும்பியதும் முதலில் வாங்கியது ஓர் அடீனியம் செடி. முழங்கால் உயரம்கூட இல்லை. அடி மட்டும் பூசணிப்பிஞ்சுபோல் உப்பியிருந்தது. அந்த உருண்டையில்தான் அது தண்ணீரைச் சேர்த்துவைத்துக்கொள்ளுமாம். மண் நன்றாகக் காய்ந்த பிறகு ஊற்றினால் போதும் என்று நர்சரியில் சொல்லி அனுப்பினார்கள். பொன்னமராவதிப் பக்கத்துச் சரளை மண்ணுக்கு இதைவிடத் தோதான செடி ஏது? வாசல்படியை ஒட்டி நட்டார். கத்திரி வெயிலில் மல்லிகையே சுருண்டு கிடந்தபோது இது ரோஸ் நிறத்தில் பூத்துத் தள்ளியது. போகிற வருகிறவர்களை எல்லாம் நிறுத்திக் காட்டினார். எனக்கே கொஞ்சம் பொறாமையாக இருந்தது.

பிறகு அவருக்கு இதயம் பழுதென்று மதுரையில் சேர்த்தோம். கால் வீங்கியிருந்தது. டாக்டர் கணுக்காலில் விரலை வைத்து அழுத்தினார். பள்ளம் அப்படியே நின்றது. உடம்பில் நீர் கோத்திருக்கிறது, தண்ணீரை அளந்துதான் குடிக்க வேண்டும், மீறினால் மூச்சுக்கே ஆபத்து என்றார். வீட்டுக்கு வந்ததும் ஒரு நாளைக்கான தண்ணீரைப் பாட்டிலில் ஊற்றிவைத்துக் காவல் இருந்தேன்.

செடியை யார் பார்த்தது? நலம் விசாரிக்கச் சொந்தக்காரர்கள் சாரைசாரையாக வந்தார்கள். வந்தவருக்கு வாசலிலேயே செம்பில் தண்ணீர் கொடுப்பது எங்கள் வழக்கம். குடித்த மிச்சத்தை வெறும் தரையில் கொட்ட எங்கள் ஊரில் எவருக்கும் மனசு வராது. பக்கத்திலுள்ள செடிக்குத்தான் ஊற்றுவார்கள். பக்கத்தில் இருந்தது இது ஒன்றுதான். இலை பழுத்ததைப் பார்த்த என் அண்ணன், "தண்ணி பத்தல போல ஆத்தா" என்று இன்னொரு செம்பு ஊற்றினார்.

ஒருநாள் சாயங்காலம் என் வீட்டுக்காரர் மெல்ல வாசலுக்கு வந்து, செடியின் அடியை விரலால் அழுத்தினார். பள்ளம் விழுந்தது.

"எனக்கு வந்ததுதான் இதுக்கும் வந்திருக்கு" என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். எனக்கு ஆத்திரமும் அழுகையும் சேர்ந்து வந்தது.

"வாய வச்சுக்கிட்டுச் சும்மா இருங்க" என்றேன்.

செடியைப் பிடுங்கி, அழுகியதை எல்லாம் பழைய கத்தியால் நறுக்கி எறிந்தேன். மிஞ்சியது கைப்பிடி அளவு. நிழலில் காயவைத்து, வெட்டு ஆறியபின் மணலும் சரளையும் கலந்து நட்டேன். மறுபடி வந்த அண்ணன் செம்பைச் சாய்க்கப் போனார். "அண்ணே, மிச்சத்தச் செம்புலயே வைங்க" என்று நான் போட்ட அதட்டலில் காபிகூடக் குடிக்காமல் கிளம்பிவிட்டார். போகட்டும். இவரோ தினமும் நாற்காலியைப் போட்டுக்கொண்டு அந்தக் குச்சியையே பார்த்துக்கொண்டிருந்தார். அது பட்டுப்போனால் இவர் மனசு விட்டுப்போவாரே என்பதுதான் என் பயம்.

மாசியில் துளிர்த்தது. மண் பொடிப்பொடியாகக் காய்ந்திருந்தது. அன்று சாயங்காலம் மாத்திரைக்குக் கொடுத்த தண்ணீரில் பாதியைக் குடித்துவிட்டு டம்ளரோடு எழுந்தார்.

"இங்கிட்டு வா. இப்பத்தான் இதுக்குத் தாகம் எடுத்திருக்கு" என்று மீதியைச் செடிக்கு ஊற்றினார். அவர் உதடு வெடித்திருந்தது. கையெட்டும் தூரத்தில் குழாய் இருந்தது.