சீப்பில் கோத்த துணி

என் பேரன் பெண்டாட்டி காலையில் வேலைக்குக் கிளம்பும்போது தலையில் எதையோ புஸ்ஸென்று அடித்துக்கொள்கிறாள். முதல் நாள் அந்தச் சத்தம் கேட்டு வீட்டுக்குள் பாம்பு வந்துவிட்டது என்றுதான் நினைத்தேன். எட்டிப் பார்த்தால் கையில் கொசு மருந்து டப்பா மாதிரி ஒன்று. வகிடு பிரித்து அடிக்கிறாள். அடித்த இடம் வெள்ளை பூக்கிறது. விரலால் கோதிவிடுகிறாள், தலை பஞ்சாகிவிடுகிறது. தண்ணீர் இல்லை, சீயக்காய் இல்லை, ஈரம் இல்லை.

"இன்னாடி அது?"

"தலைக்கு ஊத்திக்க நேரமில்ல பாட்டி. இத அடிச்சா எண்ணெப் பிசுக்கு போயிடும்."

"எங்க போவும்?"

அவள் சிரித்துக்கொண்டே போய்விட்டாள். நான் விளையாட்டுக்குக் கேட்கவில்லை. பிசுக்கு என்றால் அது எங்கேயாவது போயாக வேண்டும். தலையை விட்டால் தலையணைக்கு, தலையணையை விட்டால் சுவருக்கு. தடமே வைக்காமல் போகிற எதையும் நான் நம்புவதில்லை. டப்பாவை எடுத்துப் பார்த்தேன். எனக்குத் தமிழே எழுத்துக் கூட்டித்தான், அதில் இருந்ததோ இங்கிலீஷ். முகர்ந்தேன். பழ வாசனை அடித்தது, எந்தப் பழம் என்றுதான் தெரியவில்லை. வைத்துவிட்டேன்.

மூக்கு சும்மா இருக்குமா? அந்தப் பழ வாசனைக்கு அடியில் வேறொரு வாசனை வந்து உட்கார்ந்துகொண்டது. விளக்கெண்ணெயில் வேப்பெண்ணெயைக் கலந்து, பிடி மிளகு போட்டுக் காய்ச்சி இறக்கியது. என் மாமியாரின் எண்ணெய்.

என் முடியைப் பற்றி நானே பேசக் கூடாது. ஆனால் அதைப் பார்த்தவர்கள் யாரும் இப்போது உயிரோடு இல்லை, அதனால் நானே சொல்லிக்கொள்கிறேன். பின்னல் முழங்காலைத் தொடும். செங்கல்பட்டில் எங்கள் வீட்டில் செவ்வாயும் வெள்ளியும் தலைமுழுக்கு. ஏரித் தண்ணீர், வடிகஞ்சியில் கரைத்த சீயக்காய். நான் வாசலில் நின்று தலையை உலர்த்தினால் தெருவில் போகிறவர்களுக்கு நடை தளரும் என்று என் அத்தை சொல்வாள். அவள் எதையும் கொஞ்சம் கூட்டித்தான் சொல்வாள், இதை மட்டும் நான் கழித்துக்கொள்ளவில்லை.

அந்தத் தலையோடு நெம்மேலிப் பக்கம் வாழ்க்கைப்பட்டேன். ஆந்திராவைப் பிரித்துக் கொடுத்தார்களே, அதற்கு மறு வருஷம். வீட்டுக்காரருக்குக் கால்வாயில் வேலை. பட்டணத்துக்குப் போகும் படகுகளில் சவுக்குக் கட்டை ஏற்றுவார். வீட்டுக்கு ஒரு பக்கம் கால்வாய், மறு பக்கம் கடல், நடுவில் எங்கள் கிணறு. கிணற்றில் உப்புத் தண்ணீர். அதில் சீயக்காய் நுரைக்காது, புளித்த மாவு மாதிரி திரிந்து முடியில் ஒட்டிக்கொள்ளும். நல்ல தண்ணீர் வேண்டுமானால் சவுக்குத் தோப்பில் மணலைத் தோண்டி, ஊறுகிற தண்ணீரைக் கொட்டாங்குச்சியால் மொண்டு குடத்தில் ஊற்ற வேண்டும். குடிக்கவே அது போதாது. அதனால் தலைமுழுக்கு வெள்ளிக்கிழமை மட்டும்.

மற்ற நாளில் ஒருத்தி ஈரத் தலையோடு வெளியே வந்துவிட்டால் தெருவே நிமிர்ந்து பார்க்கும். "இன்னா, உங்க ஊட்டுப் பக்கம் யாருனா பூட்டாங்களா?" என்று கேட்பார்கள். சாவு இல்லை என்றால் வேறு கணக்குப் போடுவார்கள். அந்தக் கணக்கை நான் இங்கே சொல்ல மாட்டேன், கல்யாணமானவர்களுக்குத் தெரியும்.

முழுக்குத்தான் வாரத்துக்கு ஒன்று, எண்ணெய் தினமும். காலையில் மாமியார் என்னைக் கீழே உட்காரவைத்து, இரண்டு முழங்காலுக்கும் நடுவில் என் தலையை இடுக்கிக்கொண்டு, உள்ளங்கை நிறைய ஊற்றித் தேய்ப்பாள்.

"டவுனு தலை. பேன் இல்லாமயா இருக்கும்?" என்பாள்.

"இல்ல அத்தே."

"இல்லன்னு யார் சொல்லணும்? பேன்தான் சொல்லணும்."

எண்ணெய்த் தலையில் கடற்காற்று மணலைக் கொண்டுவந்து தூவும். சனிக்கிழமை தலை தலையாக இருக்கும். திங்கட்கிழமை படகு கட்டுகிற வடமாகிவிடும். புதன்கிழமை ஈ வந்து உட்கார்ந்தால் திரும்பிப் போகாது. நான் என்னென்னவோ செய்து பார்த்தேன். தாழம்பூ மடலைக் கிழித்துப் பின்னலுக்குள் வைத்தேன். எண்ணெயும் தாழம்பூவும் சேர்ந்து தலைவலிதான் மிச்சம். கல்யாணத்துக்கு வந்த பவுடர் டப்பாவை வகிட்டில் தட்டினேன். "இன்னாடி, ராவோட ராவா கெய்வி ஆயிட்ட?" என்றாள் மாமியார். பேரன் பெண்டாட்டி தலையில் வெள்ளை பூத்ததைப் பார்த்தபோது எனக்கு அதுதான் ஞாபகம் வந்தது.

ஒரு மாசி மகத்துக்கு மாமல்லபுரம் போயிருந்தோம். கற்கோயில் பார்க்க வந்த துரைசானி ஒருத்தி, முடியை அவிழ்த்துவிட்டு நின்றாள். தேங்காய் நார் மாதிரி காய்ந்த முடி, காற்றில் நாலாபக்கமும் பறந்தது. எனக்குப் பொறாமை தாங்கவில்லை. மாமியார் தாடையில் கைவைத்து, "அய்யோ பாவம். ஒரு கை எண்ணெ வெக்க ஆளில்லாத சென்மம்" என்று உண்மையாகவே கண் கலங்கினாள். அப்படிப்பட்டவளிடம் போய், உங்கள் எண்ணெய் எனக்கு வேண்டாம் என்று எப்படிச் சொல்வது?

கடைசியில் வழி கண்டுபிடித்தேன். மெல்லிய துணியை நீளக் கிழித்து, மரச்சீப்பின் பல்லுக்கு மேலும் கீழுமாகக் கோத்துக்கொண்டு வார வேண்டும். பல் முடியைப் பிரிக்கும், துணி எண்ணெயைக் குடித்துவிடும். புதுத் துணி உதவாது. வெளுத்து வெளுத்து இற்றுப்போன துணிதான் உறிஞ்சும். வீட்டில் அப்படி இருந்தது வீட்டுக்காரரின் பழைய வேட்டி ஒன்றுதான். கேட்டேன். அவரே ஓரத்தில் பல்லால் கடித்து, நீளமாகக் கிழித்துக் கொடுத்தார். இதை நன்றாக ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். அவரே கொடுத்தார்.

வாரி முடித்ததும் துணியைக் கூரை ஓலையில் செருகி வைப்பேன். உதிர்ந்த முடியையும் நாங்கள் குப்பையில் போடுவதில்லை. யார் கையிலாவது அகப்பட்டால் எதையாவது வைத்துவிடுவார்கள் என்ற பயம். சுருட்டிக் கூரையில் செருகினால், சவுரிமுடிக்காரன் வரும்போது கொடுத்து ஊசி வாங்கிக்கொள்ளலாம்.

மல்லாட்டை, அதுதான் வேர்க்கடலை, பிடுங்குகிற காலத்தில் வீட்டுக்காரருக்கு வயிற்று வலி வந்தது. வாந்தி. கஞ்சி இறங்கவில்லை. சுருண்டு படுத்துவிட்டார். மாமியார் மிளகு ரசம் வைத்தாள், உப்பு சுற்றிப் போட்டாள், எதற்கும் நிற்கவில்லை. அந்தச் சமயம் பார்த்து, அரிவாளைத் தேடிக் கூரையில் கையை விட்டாள். அரிவாள் வரவில்லை. துணி வந்தது.

"கன்னிம்மா! ஓடியாடி! எம்புள்ள வவுறு ஏன் வலிக்குதுன்னு தெரிஞ்சிபோச்சி!"

எதிர்வீட்டுக் கன்னியம்மா ஓடிவந்தாள். கையால் தொடாமல் குச்சியால் புரட்டிப் பார்த்தாள். எங்கே கெட்டது நடந்தாலும் அதே மாதிரி ஒன்று அவளுக்கு ஏற்கெனவே தெரிந்திருக்கும்.

"வேட்டி அவன்து. முடி இவள்து. எண்ணெ வேற ஊத்தி கீது. எங்க ஓரகத்தி ஊட்லயும் இதே மாரிதான் எடுத்தாங்க. அந்தாளு அப்புறம் எயிந்துக்கவே இல்ல."

"எந்த மந்திரக்காரன்கிட்ட வாங்கினு வந்த? சொல்லு!" என்று மாமியார் என் பக்கம் திரும்பினாள்.

செய்வினை இல்லை, உங்கள் எண்ணெயின் நாற்றம் தாங்காமல் துடைத்தேன் என்று சொல்ல வேண்டும். அதைச் சொன்னால் அவள் கையையே தள்ளிவிட்ட மாதிரி. சொல்லாவிட்டால் புருஷனுக்குச் செய்வினை வைத்தவள். சொன்னாலும் நம்பப்போவதில்லை என்பது அவள் கண்ணிலேயே தெரிந்தது. நான் வீட்டுக்காரரைப் பார்த்தேன். அவளும் பார்த்தாள்.

"டேய், இது உன் வேட்டியாடா?"

"இருக்கும்."

"நீ குடுத்தியா?"

அவர் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்து, "வவுறு வலிக்குதும்மா" என்றார்.

"கெளம்புடி" என்றாள் மாமியார். "உங்க நைனா கையில உன்னையும் குடுத்துட்டு, இதையும் குடுத்துட்டு வரேன்."

பிறந்த வீட்டில் எனக்குப் பின்னால் ஒரு தங்கை இருந்தாள். செய்வினைக்காரி என்ற பேரோடு நான் போய் இறங்கினால் அவளை எவன் வந்து பெண் கேட்பான்? எனக்கும் ஒரு மூலையும் ஒரு தட்டும்தான். எல்லாம் புரிந்தது. ஆனால் காலில் விழ மனம் வரவில்லை. துணிமூட்டையை எடுத்துக்கொண்டு முன்னால் நடந்தேன். அவள் அந்தத் துணியைப் பூவரச இலையில் மடித்து, தேளைப் பிடித்த மாதிரி நுனிவிரலில் பிடித்துக்கொண்டு பின்னால் வந்தாள்.

கால்வாயில் ஓடக்காரன் எங்களைப் பார்த்ததும் பல்லைக் காட்டினான். "இன்னா அத்தே, மருமவள அம்மா ஊட்டுக்கு இட்டுனு போறியா? தலைச்சனா?"

"வாய மூடினு கோல போடு."

திருப்போரூரில் புளியமரத்தடியில் பஸ்ஸுக்குக் காத்திருந்தோம். அவள் ஒரு வேரில், நான் ஒரு வேரில். அது ஒரு வியாழக்கிழமை. நடந்துவந்த புழுதியும் கால்வாய்க் காற்றும் சேர்ந்து தலை அடை மாதிரி இருந்தது. கையை வைத்துப் பார்த்தேன். செங்கல்பட்டில் என் அத்தை வாசலிலேயே உட்கார்ந்திருப்பாள். செய்வினைக்காரி என்பதை நான் இல்லை என்று சொல்லலாம். இந்தத் தலையை எப்படி இல்லை என்று சொல்வது? அவ்வளவுதான், மற்றதெல்லாம் மறந்துவிட்டது. மூட்டையிலிருந்து சீப்பை எடுத்தேன். கட்டியிருந்த பழஞ்சேலையின் ஓரத்தைச் சர்ரென்று கிழித்தேன். பல்லில் கோத்தேன். பின்னலை அவிழ்த்துப்போட்டு, வேரிலிருந்து நுனிவரை வார ஆரம்பித்தேன்.

"இன்னாடி பண்ற?"

"தல வாரிக்கினு கீறேன்."

"துணி எதுக்கு?"

துணியை உருவி அவளிடம் நீட்டினேன். கறுத்து, பிசுபிசுவென்று, நாலைந்து முடி சுற்றியிருந்தது. அவள் இலையைப் பிரித்தாள். இரண்டையும் மடியில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள். கூடப் பிறந்தவை மாதிரி இருந்தன. ஒன்றை முகர்ந்தாள், இன்னொன்றையும் முகர்ந்தாள். அவளுடைய எண்ணெய் அவளுக்குத் தெரியாதா?

"எண்ணெ புடிக்கலன்னா வாயத் தொறந்து சொல்றதுதானே?"

"சொன்னா என்ன வெச்சி வாழ வுட்டுருப்பீங்களா அத்தே?"

அவள் இரண்டு துணியையும் இலையில் மடித்தாள். பஸ் வந்து நின்றது. கண்டக்டர் செங்கல்பட்டு செங்கல்பட்டு என்று கத்திவிட்டு எங்களைப் பார்த்தான். "ஏறுறீங்களா இல்லியாம்மா?"

"நாங்க ஏறல. நீ போப்பா" என்றாள் மாமியார்.

புழுதி அடங்கியதும் எழுந்தாள். "இந்தத் தலையோட உன்னக் கொண்டாந்து வுட்டா உங்கம்மா என்னத்தான் காறித் துப்புவா" என்றாள். நம்பித்தான் திரும்பினாளா, இல்லை ஊர் வாய்க்குப் பயந்து திரும்பினாளா? நான் கேட்கவில்லை.

"இன்னா அத்தே, அதுக்குள்ள பேறு பாத்து இட்டாந்துட்டியா?" என்றான் ஓடக்காரன். நடுக்கால்வாயில் அவள் இரண்டு துணியையும் தண்ணீரில் விட்டாள். விட்டுவிட்டுச் சும்மா வரவில்லை. மிதக்கிறதா முழுகுகிறதா என்று கண்ணுக்கெட்டும் வரை பார்த்துக்கொண்டே வந்தாள்.

வீட்டில் வீட்டுக்காரர் எழுந்து உட்கார்ந்து கஞ்சி குடித்துக்கொண்டிருந்தார். பாயை உதறினேன். ஒரு மடி மல்லாட்டைத் தோல் கொட்டியது. பச்சை மல்லாட்டையைக் கணக்கில்லாமல் தின்றுவிட்டுக் கிணற்று உப்புத் தண்ணீரைக் குடித்தால் வயிறு என்ன தாலாட்டா பாடும்? அன்றையிலிருந்து அவர் சொல்வதில் பாதியைத்தான் நம்பினேன், கடைசிவரை.

மாமியார் அந்தத் தோலை வாரிக் கொல்லையில் கொட்டினாள். மறுநாளும் முழங்காலுக்கு நடுவில் என் தலையை இடுக்கினாள். ஆனால் எண்ணெயில் வேப்ப நாற்றம் இல்லை, உள்ளங்கையும் பாதிதான் நிறைந்திருந்தது.

கொஞ்ச காலம் கழித்து, சவுரிமுடிக்காரன் வந்தான் என்று கூரையில் துழாவினேன். அடுப்புப் பக்கத்து ஓலையில் கையில் ஏதோ பிசுபிசுத்தது. ஒரு துணி. சீப்புப் பல் பதிந்த மடிப்பு. சுற்றியிருந்த முடி நரைத்த முடி. துணி என்னுடைய பச்சைச் சேலை! நான் மடித்துவைத்திருந்த சேலையின் உள்முனையை மாமியார் கிழித்திருந்தாள்.

அப்படியே நின்றுவிட்டேன். அவளும் பிசுக்கைத் துடைக்கிறாள், கேட்க வெட்கப்பட்டு என் சேலையைக் கிழித்துக்கொண்டாள் என்று ஒரு மனம் சொன்னது. அவள் முடி, என் துணி, எண்ணெய், கன்னியம்மாவைக் கூப்பிடு என்று இன்னொரு மனம் சொன்னது. அந்த வாரம் எனக்கு இடுப்பில் பிடிப்பு இருந்தது என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

யாரையும் கூப்பிடவில்லை. எடுத்த இடத்திலேயே, எடுத்த மாதிரியே செருகினேன். அதற்குப் பிறகு அவள் தண்ணீருக்குப் போகும் நேரம் பார்த்து நான் அந்த ஓலையைத் தடவிப் பார்ப்பேன். நானும் துணி கோத்து வாருவதை விடவில்லை; கூரையில் என் துணி சில நாள் நான் வைத்த மாதிரி இருக்காது, அதனால் அவளும் பார்த்தாள் என்றுதான் நினைக்கிறேன். இப்படி ஒருத்தி துணியை ஒருத்தி வேவு பார்த்துக்கொண்டு, ஒரே கூரைக்குக் கீழே ரொம்ப காலம் ஒற்றுமையாகவே இருந்தோம்.

அவள் கண்ணை மூடிய பிறகு, கூரையைப் பிரித்து மாடி போட்டார்கள். ஆட்கள் ஓலையை இழுத்துக் கீழே போடும்போது நான் வெயிலில் நின்று, அடுப்புப் பக்கத்து ஓலையை மட்டும் கையால் பிரித்துப் பார்த்தேன். துருப்பிடித்த ஊசி இருந்தது. என் முடிச்சுருள் இருந்தது. அந்தத் துணி இல்லை.

இப்போது சவுக்குத் தோப்பில் ஊற்று இல்லை, தோப்பும் இல்லை. கடல் தண்ணீரையே நல்ல தண்ணீராக்கிக் குழாயில் பட்டணத்துக்கு அனுப்புகிறார்கள். கால்வாயில் படகு போவதில்லை. புதன்கிழமை ஈரத் தலையோடு நடுத்தெருவில் நின்றாலும் யார் செத்தது என்று கேட்க ஆளில்லை. இன்று பேரன் பெண்டாட்டி போன பிறகு அவள் தலையணையை எடுத்து வெளிச்சத்தில் பார்த்தேன், சுவரையும் பார்த்தேன். ஒரு தடம் இல்லை. கூரையைத் துழாவுகிற பழக்கத்தில் கையை மேலே கொண்டுபோனேன். ஓலை இல்லை, கை எட்டுகிற வரை சுவர், வழவழவென்று சிமெண்ட். அதில் ஒரு ஊசியைக்கூடச் செருக முடியாது.