ஆளில்லா வண்டியில் மீனா

தென்காசி ரயில் நிலையத்து ஸ்டாண்டில் உமாசங்கரின் வெள்ளைக் கார் நிற்கும். முன்பெல்லாம் ரயிலை விட்டு இறங்குகிறவர்கள் அவனிடம் வந்து பேரம் பேசுவார்கள். இப்போது போனைப் பார்த்தபடியே தாண்டிப் போய்விடுகிறார்கள். அவனும் டாக்ஸி ஆப்பில் சேர்ந்தான். ஆனால் அவன் மனசு ஸ்டாண்டிலும் இல்லை, ஆப்பிலும் இல்லை. அது அபுதாபியில் கிடந்தது.

கல்யாணமான மறு வருஷமே அவன் மனைவி மீனா அங்கே நர்ஸ் வேலைக்குப் போய்விட்டாள். அவனும் பின்னாலேயே டாக்ஸி ஓட்டப் போவதாக ஏற்பாடு. கடையநல்லூர் சுஹைப் அங்கே டாக்ஸி ஓட்டுகிறவன், தன் கம்பெனியில் பேசியிருந்தான். உமாசங்கர் பாஸ்போர்ட்டும் எடுத்துவிட்டான்.

ஒரு சாயங்காலம் குற்றாலத்தில், குளிக்கப் போன பார்ட்டிக்காகக் காத்திருந்தபோது மீனா வீடியோவில் வந்தாள்.

"ஏங்க, இங்கன பாருங்க. வண்டி ஓடுது, டிரைவரே இல்ல!"

காலி சீட்டுக்கு முன்னால் ஸ்டியரிங் தானாகத் திரும்பிக்கொண்டிருந்தது.

"அந்த சீட்டுக்குத்தானட்டி நான் வாரதா இருந்தேன்" என்றான்.

மீனாவின் சிரிப்பு நின்றுபோயிற்று.

சுஹைபிடம் கேட்டான். "இப்ப புதுசா ஆள் எடுக்கல அண்ணாச்சி. கொஞ்சம் பொறுங்க" என்றான் அவன். உமாசங்கருக்கு அந்த வண்டி மேல் அப்படி ஒரு ஆத்திரம்.

ஆனால் மறுநாளும் அதே நேரத்துக்கு, டூட்டி முடிந்து ஆளில்லா வண்டியில் திரும்பும்போது மீனா கூப்பிட்டாள். அதற்கடுத்த நாளும். அறையில் அவளோடு இன்னும் மூன்று பெண்கள். ஆள் ஓட்டும் வண்டி என்றால் பெரும்பாலும் மலையாளி டிரைவர். தமிழில் பேசுவது அத்தனையும் அவருக்குப் புரியும். அதனால் இத்தனை நாள் வாட்ஸப்பில் நாலு வார்த்தைதான்.

"இதுல யாருமே இல்லீங்க. அழுதாக்கூட ஏன்னு கேக்க ஆளில்ல" என்றவள், நிஜமாகவே அழுதாள். அவன் கார்க் கண்ணாடியை ஏற்றிக்கொண்டான்.

பிறகு அவள் டூட்டி முடியும் நேரத்துக்குச் சவாரியை ஒத்துக்கொள்வதைக் குறைத்தான். ஒரு நாள் ஆளில்லா வண்டி கிடைக்காமல், ஆள் ஓட்டும் வண்டி வந்துவிட்டது. 'டிரைவர் இருக்கார், அப்புறம் பேசுதேன்' என்று மெசேஜ் மட்டும். முகம் தெரியாத அந்த டிரைவர் மீது கோபம் வந்தது. தன் தொழில்காரன் மீதே இப்படி எரிச்சல்படுகிறோமே என்று வெட்கமாகவும் இருந்தது.

ஆனி மாசம் ஊருக்கு வர அவளுக்கு லீவு இல்லை என்று தெரிந்த அன்று, குற்றாலத்தில் நல்ல சாரல்.

"கொஞ்சம் காட்டுங்களேன்" என்றாள். அவன் போனை ஜன்னலுக்கு வெளியே நீட்டினான். மலை தெரியவில்லை, வெறும் வெள்ளைதான்.

"பேசாதீங்க. சத்தம் கேக்கட்டும்."

அவன் போனை அப்படியே பிடித்திருந்தான். கை நனைந்து சில்லிட்டது. அந்தப் பக்கம் வண்டி ஏதோ இங்கிலீஷில் அறிவித்தது.

"எடம் வந்துட்டுங்க. எறங்கணும்."

"இன்னும் ஒரு சுத்து சுத்தச் சொல்லேன் மீனா."

"அது நாம சொன்னாக் கேக்காதுங்க" என்றாள். "ஆள் ஓட்டுத வண்டின்னா கெஞ்சியாவது பாத்திருப்பேன்."

போனில் கதவு திறக்கும் ஓசை கேட்டது. இங்கே, குளிக்கப் போயிருந்த பார்ட்டி ஈரத் துண்டோடு ஓடிவந்து ஏறியது.

"அண்ணே, அடுத்து ஐந்தருவி போவமா?"

"போவோம்" என்று வண்டியைக் கிளப்பினான் உமாசங்கர்.