ஒயின்ஷாப்புக்கு முந்தின ஸ்டாப்

ஆஸ்பத்திரியை விட்டுக் கிளம்பும்போதுதான் நர்ஸம்மா அதைச் சொன்னார். குன்றத்தூரில் குடியை விட்டவர்கள் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஒன்றாக உட்கார்ந்து பேசுகிறார்களாம். ஏதோ பள்ளிக்கூடம், இடம் சரியாகத் தெரியாது என்றார். என் வீட்டுக்காரர் செருப்பை மாட்டிக்கொண்டே, "எடத்த நீ கண்டுபிடிட்டி. ஒருதடவ வந்து பாக்கேன்" என்றார்.

ஈரல் வீங்கியிருக்கிறது, இனிமேல் தொட்டால் ஆள் தேறமாட்டார் என்று டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லியிருந்தார். இவருடைய வாக்கு எவ்வளவு தாங்கும் என்பதும் எனக்குத் தெரியும். வருகிற ஞாயிறுக்குள் இடத்தைக் கண்டுபிடித்தாக வேண்டும்.

யாரிடம் கேட்பது? இருங்காட்டுக்கோட்டையில் வரிசையாகக் கட்டிவிட்ட வாடகை ரூம்களில் ஒன்றில் இருந்தோம். இங்கே தும்மினால் நாலாவது ரூமில் கேட்கும். நான் எட்டாவதோடு நின்றவள், நாசூக்காகப் பேசி விஷயத்தைக் கறக்கத் தெரியாது. கம்பெனி பஸ்ஸில் பக்கத்து சீட்டு அக்காவிடம், "குன்றத்தூர்ல ஞாயித்துக்கெழம ஏதோ கூட்டம் நடக்குதாமே?" என்று மட்டும் கேட்டுப் பார்த்தேன்.

"ஜெபக் கூட்டமா? நீ எப்போ மாறுன?" என்றார் அவர்.

முன் சீட்டுப் பெண் திரும்பினாள். "காண்ட்ராக்ட்டுக்கு ஆள் எடுக்கிறாங்களாக்கா? எங்கண்ணன் பயோடேட்டாவ பாக்கெட்லயே வெச்சிக்கினு சுத்துது."

அதோடு வாயை மூடிக்கொண்டேன். மனசு மூடவில்லை. அப்படி என்னதான் பேசுவார்கள்? குடியைப் பற்றியே பேசினால் குடிக்கத் தோன்றாதா? சாமி படத்தின் மேல் சத்தியம் வாங்குவார்களா? ஸ்க்ரூ போட்டுக்கொண்டே ஷிப்ட் முழுக்க இதையே உருட்டிக்கொண்டிருந்தேன்.

நைட் ஷிப்ட் முடிந்த ஒரு காலையில் ரூமுக்குப் போகாமல் குன்றத்தூர் ஷேர் ஆட்டோவில் ஏறினேன். மற்றவர்கள் இறங்கும்வரை காத்திருந்து, டிரைவரிடம் மெதுவாகக் கேட்டேன்.

"குடிய விட்டவங்க கூடுற ஸ்கூலா? என் மச்சான்கூட அங்கதான் போய்க்கினு கீறான்" என்றார் அவர். "ஒயின்ஷாப் ஸ்டாப்ல எறங்கிக்கமா. பக்கத்துலயே சந்து."

இந்தப் பக்கமெல்லாம் எந்த இடத்துக்கும் ஒயின்ஷாப்தான் அடையாளம். எங்கள் ரூமுக்குக் கேஸ் சிலிண்டர் கொண்டுவருகிறவருக்கு நானே அங்கிருக்கிற ஒயின்ஷாப்பை வைத்துத்தான் வழி சொல்வேன். ஆனால் இவரை அந்த ஸ்டாப்பில் இறக்கிக் கடை வாசலைத் தாண்ட வைப்பதா? "முந்தின ஸ்டாப்லயே எறக்கி விட்ருங்கண்ணே" என்றேன்.

அங்கிருந்து பின்பக்கமாக ஒரு சந்து போயிற்று. மாட்டுக்கொட்டகை, மாவு மில், பூட்டிக் கிடந்த தகரக் கொட்டகை ஒன்று, அப்புறம் ஸ்கூல் கேட். வழியில் ஈ காக்கை இல்லை. இரண்டு தடவை நடந்து பார்த்துக்கொண்டேன்.

பல் விளக்கிக்கொண்டிருந்த வாட்ச்மேனிடம் விசாரித்தேன். "வருவாங்கோ, டீ குடிப்பாங்கோ, சிரிச்சிக்கினு இருப்பாங்கோ, பூடுவாங்கோ. குடிச்ச ஆளுங்கன்றாங்க. ஒருத்தர் மேலயும் வாசன கெடையாது" என்றார்.

சிரிப்பார்களா? எதற்கு?

ஞாயிற்றுக்கிழமை அவரைக் கூட்டிக்கொண்டு அதே ஸ்டாப்பில் இறங்கினேன். "எதுக்குட்டி இந்தச் சுத்து?" என்றார். "இப்படிப் போனா நெழல் இருக்குங்க" என்றேன். மாவு மில்லைத் தாண்டியதும்தான் பார்த்தேன். நான் தனியாக வந்த காலையில் பூட்டிக் கிடந்த தகரக் கொட்டகை திறந்திருந்தது. ஒயின்ஷாப்பின் பார் அது. கடை திறக்காத நேரத்தில் வந்து வழி பார்த்திருக்கிறேன். உள்ளே அவ்வளவு கூட்டம். மீன் வறுக்கிற வாசனை சந்து முழுக்க. ஒருவன் எட்டிப் பார்த்து, "உள்ள எடம் கீதுண்ணே" என்றான்.

அவர் நின்றுவிட்டார். கொட்டகையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "நெழல்னியே, இதுதானா?" என்றார்.

பின்னாலிருந்து தேய்த்த சட்டை போட்ட ஒருவர் வந்தார். ஒரு கையில் பெரிய டீ பிளாஸ்க், இன்னொன்றில் பேப்பர் கப் கட்டு. "மீட்டிங்குக்குத் தான? வாங்க சார்."

"எப்படித் தெரிஞ்சுது?" என்றார் இவர்.

"இந்தச் சந்துக்கு சம்சாரத்தோட வேற யாரு சார் வரப்போறா?" என்று சொல்லி, கப் கட்டை இவர் கையில் திணித்துவிட்டு முன்னால் நடந்தார். கையில் வாங்கிய பொருளோடு இவர் எங்கே போக முடியும்? பின்னாலேயே போய்விட்டார்.

நான் கேட்டுக்குப் பக்கத்தில் வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருந்தேன். ஜன்னல் வழியாகப் பேச்சு வந்தது, வார்த்தை வரவில்லை. யாரோ அழுத மாதிரி இருந்தது. அப்புறம் வெகு நேரம் சத்தமே இல்லை. திடீரென்று எல்லாரும் சேர்ந்து சிரித்தார்கள். அதில் ஒரு சிரிப்பு இவருடையது. அதைக் கேட்டு எத்தனையோ காலமாகியிருந்தது.

வெளியே வந்ததும், "என்ன பேசினாங்க?" என்றேன்.

"உள்ள பேசுனத வெளிய சொல்லக் கூடாதாம்."

"அப்போ எதுக்குச் சிரிச்சீங்க?"

"நம்ம கதைய நாமளே சொல்லலாமாம். நீ வழி பாத்துவெச்ச லட்சணத்தச் சொன்னேன்" என்றார். பிறகு, "அடுத்த வாரம் கப்பு வாங்கிட்டு வாரது நாந்தான்" என்றார்.

எங்கள் ரூம் பக்கத்தில் பேப்பர் கப் கட்டுக்கட்டாக விற்பது அங்கிருக்கிற ஒயின்ஷாப்பை ஒட்டிய பெட்டிக்கடையில் மட்டும்தான். மறுநாள் ஷிப்ட் முடிந்ததும் ஸ்ரீபெரும்புதூர் பஜாருக்குப் போய், சீக்கிரம் தீராத அளவுக்குக் கப் வாங்கிவந்து பரணில் அடுக்கிவிட்டேன்.