அக்கா பாடி முடிக்கும் வரை

உத்ரேரா ஊரில் ஆட்டக்காரி கொன்சோலாவின் கால்களைப் பற்றி யாரிடம் கேட்டாலும் பெருமையாகச் சொல்வார்கள். அவளுடைய அக்கா சலூத்திடம் மட்டும் கேட்கக் கூடாது.

இருபத்திரண்டு வயதில், ஊர்த் திருவிழா மேடையில், அக்கா பாட, கொன்சோலா குதிகாலால் தாளம் போடும் ஃபிளமெங்கோ நடனம் ஆடினாள். பாட்டு வரி ஓடும்போது ஆடுபவளின் குதிகால் சும்மா இருக்க வேண்டும். வரி முடிந்த பிறகுதான் காலுக்கு வேலை. தொட்டில் பிள்ளைக்கும் தெரிந்த இந்த விஷயம், கைதட்டல் போதையில் அவளுக்கு மறந்தே போனது. பலகை அதிர அடித்துத் தள்ளினாள். சலூத் பாதி வரியில் பாட்டை நிறுத்தினாள்.

"ஏன்டி, நான் பாடவா, உன் செருப்பு பாடட்டுமா?"

ஊரே சிரித்தது. அன்றோடு சரி, தங்கைக்காக அவள் பாடவே இல்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் இருவரும் ஒரே மேசையில் கொண்டைக்கடலைக் கறி சாப்பிடுவார்கள், ஊர்வம்பு பேசுவார்கள். பாட்டுப் பேச்சு வந்தால் மட்டும் சலூத் பாத்திரம் கழுவப் போய்விடுவாள். வீம்புக்காரி!

கொன்சோலா செவில்லே நகரத்துக்குப் போய்ப் பத்து வருடம் சுற்றுலாக்காரர்களுக்கு ஆடினாள். தினமும் இரண்டு காட்சி. எவ்வளவு சத்தமோ அவ்வளவு கைதட்டல். ஒருநாள் அதுவே சலித்துப்போய், ஊர் திரும்பி, ரொட்டிக்கடை மாடியில் நடன வகுப்பு ஆரம்பித்தாள். வருகிற பெண்களை முதல் மாதம் முழுக்க அசையாமல் நிற்க வைத்துப் பாட்டைக் கேட்கச் சொன்னாள். பாதிப் பேர் ஓடிப்போனார்கள். மீதிப் பேர் ஆட்டக்காரிகள் ஆனார்கள்.

இந்தச் செப்டம்பர் திருவிழாவில் வகுப்பின் பதினைந்தாம் ஆண்டு விழா. மேடையேற அரை மணி இருக்கும்போது பாடகருக்குத் தொண்டை கட்டிக்கொண்டது. கிதார்காரன் கஸ்பார் ஓடிப்போய் சலூத்தையே இழுத்து வந்துவிட்டான்.

"பாடுறேன். ஆனா வரிக்கு நடுவுல குதிகால் சத்தம் காதுல விழுந்துச்சு, அந்த நிமிஷமே இறங்கிப் போயிடுவேன்," என்றாள் சலூத்.

"முடியுற வரைக்கும் பாடுவியா அக்கா?"

"அது உன் காலைக் கேளு!"

மேடையேறி சலூத் பாட்டை எடுத்தாள். அடேயப்பா, என்ன குரல்! இருபத்தைந்து வருடம் கழித்து அது தனக்காக ஒலிப்பதைக் கேட்டு கொன்சோலாவுக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. கைகளை உயர்த்தினாள். கணுக்கால் துடியாய்த் துடித்தது. சலூத்தா விடுவாள்? வேண்டுமென்றே வரியை இழுத்தாள். முடித்தது போல ஒரு கணம் நிறுத்தினாள். கொன்சோலாவின் குதிகால் எழும்பிவிட்டது! அதற்குள் சலூத் மறுபடி குரலெடுத்தாள்.

முன்வரிசை மாணவிகள் பதறிப்போனார்கள். ஆனால் எழும்பிய குதிகாலை கொன்சோலா இறக்கவில்லை. முன்பாதத்தில் உடம்பைத் தாங்கி, கைவிரல்கள் மட்டும் மெல்லத் திரும்ப, அப்படியே நின்றாள். "ஓலே!" என்று கூட்டம் ஆர்ப்பரித்தது.

வரி முடிந்தது. கொன்சோலா நம்பவில்லை, அசையவும் இல்லை. கஸ்பாரின் கிதார் அவளுக்காகக் காத்திருந்தது.

சலூத் திரும்பிப் பார்த்தாள். அவள் கன்னமெல்லாம் ஈரம்.

"இன்னும் என்னடி நிக்கிற? நான் பாடி முடிச்சுட்டேன்!"

சொல்லிவிட்டு, தங்கைக்குத் தாளம் கொடுக்கத் தானே கைதட்டத் தொடங்கினாள்.